கோட்டின் மேல் வளர்ந்த பூஞ்சை

சென்ற மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறந்த மஜ்ஜை மாற்று வார்டைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். அழைத்தவள் என் மாணவியின் மாணவி. காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி என்று மாட்டிவிட்டு, கண்ணாடிக் கதவு ஒன்று மூடிய பிறகே அடுத்ததைத் திறந்து உள்ளே கூட்டிப்போனாள். அந்த அறைகளுக்குள் காற்றே கூரையிலுள்ள வடிகட்டி வழியாகத்தான் வருகிறது. வெளியே வந்ததும், "உங்க காலத்துல இந்த மாதிரி பேஷண்டுக்கெல்லாம் ஃபங்கஸ் நிறைய வருமா சார்?" என்று கேட்டாள்.

"வராதும்மா. நாங்கதான் கழுவி ஊத்திடுவோமே" என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விளக்கமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேலை?

நான் பிறந்தது மல்காஜ்கிரியில். அப்பா ரயில்வே கார்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் உருது. மருத்துவம் படித்து முடித்ததும் எல்லாரும் கத்தியையோ ஸ்டெதஸ்கோப்பையோ பிடித்துக்கொண்டு ஓட, நான் கிருமியியலை எடுத்தேன். நோயாளியின் உறவினர்களிடம் பேச வேண்டியிருக்காது என்ற ஒரே காரணம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் குப்பை கொட்டினேன்.

அந்தக் காலத்துக் கிருமியியல்காரர்களுக்குப் பூஞ்சை என்றால் இளக்காரம். ஊறுகாயில் பூக்கும், மழைக்காலத்தில் செருப்பில் பூக்கும், அதேபோல் எங்கள் தட்டுகளிலும் பூக்கும். சளியை ஊட்டக்கூழ் தடவிய தட்டில் கோடாக இழுத்து வைத்தால், நோய்க்கிருமி வளர வேண்டிய இடத்தில் பச்சையும் சாம்பலுமாகப் பஞ்சுபோல் ஏதாவது கிளம்பியிருக்கும். யாரோ மூடியைச் சரியாக மூடவில்லை, காற்றிலிருந்து விழுந்துவிட்டது என்போம். தட்டு லைசால் என்ற கிருமிநாசினி ஊற்றிய வாளிக்குப் போகும். 'தூசு' என்று அறிக்கை போகும். இது எங்கள் கூடத்தின் வழக்கம் மட்டுமல்ல, நாட்டில் முக்கால்வாசிக் கூடங்களின் வழக்கம்.

சாதாரண மனிதனுக்கு இதனால் ஒரு கெடுதியும் இல்லை. பூஞ்சையின் விதைகளை நாம் எல்லாரும் மூச்சுக்கு மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெள்ளையணுக்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். அந்த அணுக்களை உண்டாக்குகிற எலும்பு மஜ்ஜை வற்றிப்போனவர்களுக்கும், புற்றுநோய் மருந்தால் அதை வற்றவைத்தவர்களுக்கும்தான் ஆபத்து. அவர்களுடைய நுரையீரலில் விழுந்த விதை முளைக்கும், நூல் விடும், ரத்தக்குழாய்க்குள் நுழையும். பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் நஃபீஸா. மேடம் என்றால் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான். பழைய நகரத்துக் குடும்பம். குரலை உயர்த்தியதே கிடையாது. அட்டெண்டர் முதல் அமைச்சர் வரை எல்லாரையும் உருதுவில் 'நீங்கள்' என்கிற 'ஆப்' போட்டுத்தான் பேசுவார். அந்த மரியாதையான பேச்சில்தான் எங்கள் தோலை உரிப்பார். நான் சேர்ந்த புதிதில் ரத்தப் புற்றுநோய் வந்த லாரி டிரைவர் ஒருவரின் சளியில் திரும்பத் திரும்பப் பூஞ்சை வளர்ந்து, திரும்பத் திரும்பத் தூசு என்று அறிக்கை போயிருக்கிறது. அவர் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்க அதே பூஞ்சை. அன்றிலிருந்து மேடம் பார்க்காமல் பூஞ்சைத் தட்டு எதையும் வாளியில் போடக்கூடாது என்று உத்தரவு. தெரியாமல் போட்டுவிட்டால் போட்டவரே கையை விட்டு எடுக்க வேண்டும். லைசால் வாசனை சோற்றுக் கையில் சாயங்காலம்வரை போகாது.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. தட்டில் சளியை ஒரே கோடாக, நேராக இழுக்க வேண்டும் என்பது ஒன்று. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றில் வந்தது, கோட்டின் மேலேயே வளர்ந்தால் நோயாளியிடமிருந்து வந்தது. பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம், ஆனால் வேறு கூடங்களில் அதைக்கூடப் பார்க்கமாட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததற்கு உடனே பெயர் சொல்லக்கூடாது என்பது மற்றது. பென்சிலும் காகிதமும் கொடுத்து, "நாம் நக்கோ. பெஹலே தஸ்வீர்" என்பார். பெயர் வேண்டாம், முதலில் படம். பெயர் சொல்லிவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும் என்பது அவர் கட்சி. எனக்குக் கோழி வரைந்தாலே வாத்து மாதிரி வரும். என் படங்களைப் பார்த்து அவர் சிரித்ததில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

இனி கௌரியின் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் பிற்பகுதி. கௌரி மௌலா அலியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா ஏகாம்பரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா இல்லை. அண்ணன் சேகர் செகந்திராபாதில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். கௌரிக்குக் காரணம் தெரியாமல் மஜ்ஜை வற்றிவிட்டது. ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தெற்கே ஓர் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் மஜ்ஜை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். சேகரின் மஜ்ஜை கௌரிக்குப் பொருந்துகிறது என்று சோதனையில் தெரிந்தது. படுக்கையும் ஒதுக்கிவிட்டார்கள். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள், உடம்பில் எந்தத் தொற்றும் இருக்கக்கூடாது. அண்ணனின் மஜ்ஜையை ஏற்றுவதற்கு முன் அவளிடம் மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் மருந்து கொடுத்து அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நுரையீரலில் பூஞ்சை இருந்தால் அவள் கதை முடிந்தது.

புறப்பட வேண்டிய நேரத்தில் காய்ச்சல் வந்தது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் இறங்கவில்லை. லேசான இருமல். சளி எங்களிடம் வந்தது. தட்டில் புகைபோல் நீலப்பச்சையாக ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை கிளம்பியது, கோட்டின் மேலேயே.

அவளைப் பார்த்துக்கொண்ட டாக்டர் மதுசூதன ராவ் நல்ல மனிதர், முன்கோபக்காரர். அவருக்கு ஒவ்வொரு நாளும் நெருப்பில் நிற்பதுபோல. காரணம் இருந்தது. ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டில் ரத்தமும், பிற்பாடு அண்ணனின் மஜ்ஜையை அவள் உடம்பு ஏற்காமல் தள்ளிவிடுகிற வாய்ப்பைக் கூட்டும். "தூசைக் காட்டி என் பேஷண்டைக் கொல்லப் பார்க்கிறீர்களா?" என்று போனில் கத்தினார். மேடம் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார்.

மே மாத வெயில். கௌரியின் தனியறைக்குள் நுழைந்ததும் குளுகுளுவென்று இருந்தது. ஜன்னலில் பிரம்மாண்டமான கூலர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரமும் ஒர்க்‌ஷாப் நண்பர்களும் விடுமுறை நாட்களில் தகரம் வெட்டி, மோட்டார் பொருத்தி, ரயில்பெட்டிக்கு அடிக்கும் கருஞ்சிவப்புப் பெயின்ட் அடித்துச் செய்தது. மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி. ஏகாம்பரம் டியூட்டி முடிந்ததும் வந்து, வாளியில் தண்ணீர் மொண்டு தட்டிகளை நனைப்பார். ஊரில் எல்லா வீட்டிலும் கூலர் உண்டு, ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நர்சுகள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த அறைக்கு வந்து நின்றுவிட்டுப் போவார்கள்.

"வாசனை எப்டிக்குது சார்?" என்று ஏகாம்பரம் பெருமையாகக் கேட்டார். "ஒரிஜினல் வெட்டிவேரு. கொழந்தைக்கு ஜுரம் அடிக்குதே, சூட்டுல கெடக்கக் கூடாதுன்னு செஞ்சது."

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. திறந்த தட்டுகளைக் கட்டிலடியிலும் ஸ்டூலிலும் வராந்தாவிலும் வைத்து, காற்றில் இருப்பது விழட்டும் என்று விட்டு, மூடி எடுத்துவந்தேன். தட்டியின் பின்பக்கத்தையும் பஞ்சால் துடைத்துக்கொண்டேன். சில நாளில் எல்லாவற்றிலும் அதே நீலப்பச்சை. கூலருக்கு எதிரே வைத்ததில் அப்பிக்கிடந்தது. வராந்தாவில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அடுத்த கட்டடத்தை அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் ராவ் நேராக எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். "அறை முழுக்க இருக்கிறதென்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அவள் துப்பும்போது பாட்டிலில் விழுந்தது அதுதான். சளியோடு சேர்ந்து கோட்டில் வந்துவிட்டது" என்றார்.

"அறை முழுக்க இருப்பதைத்தான் அந்தப் பெண் மூச்சில் இழுக்கிறாள்" என்றார் மேடம்.

இருவர் கையிலும் ஒரே தட்டுதான். ஒரே தட்டை வைத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லலாம், போகக்கூடாது என்றும் சொல்லலாம். நுரையீரலில் ஊசி குத்தித் திசு எடுக்க வழியில்லை, குத்தினால் ரத்தம் நிற்காது. இன்றைய ஸ்கேன் அன்று எங்களிடம் கிடையாது. மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "விதை விழுந்தவுடனே நூல் விடுமா, டாக்டர் சாப்?" என்று கேட்டார்.

ராவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. எனக்கும்தான். காற்றிலிருந்து விழுவது விதை மட்டுமே. அது முளைத்து நூலாக மணிக்கணக்கில் ஆகும். துப்பிய மறுநிமிடமே பார்த்த சளியில் நூல் இருந்தால், அது வெளியில் விழுந்ததல்ல, உள்ளே வளர்ந்தது.

மறுநாள் காலை கௌரியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கட்டடத்தின் மறுகோடி வராந்தாவுக்குக் கொண்டுபோனோம். மைக்ராஸ்கோப்பை அட்டெண்டர் கைக்குழந்தைபோல் தூக்கிவந்தார். கண்ணாடியில் சூரிய வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கிற பழைய மாடல். கௌரி ஆறிய வெந்நீரில் வாயை நன்றாகக் கொப்பளித்தாள். இருமித் துப்பியதை அப்படியே கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாஷ் காரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாக இளஞ்சூடு காட்டினேன். காரம் சளியைக் கரைக்கும், பூஞ்சையைக் கரைக்காது. மேடம் குனிந்து பார்த்தார். நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். பிறகு விலகி நின்று ராவிடம் பென்சிலை நீட்டினார்.

"பெஹலே தஸ்வீர், டாக்டர் சாப்."

யாருக்கும் பணிந்து பழகாத அந்த மனிதர் வராந்தாத் திட்டில் காகிதத்தை வைத்து வரைந்தார். கவைக் குச்சிபோல் ஒரு நூல் இரண்டாகப் பிரிகிறது, அதில் ஒன்று மறுபடி பிரிகிறது, குறுக்கே தடுப்புகள். என்னைவிட நன்றாக வரைந்தார். வரைந்து முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்கிறேன்" என்றார்.

ஐந்தடி தள்ளி கௌரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "கைக்கு சார், ஏன் கேன்சல்? அங்க ஆபரேஷனா பண்ணப் போறாங்க, ரத்தம் ஏத்தற மாதிரி ஏத்தறதுதானே?" என்றாள். நுரையீரலில் பூஞ்சை இருப்பதையும், இப்போது போனால் பிழைக்கமாட்டாள் என்பதையும் சொன்னேன். "போகலேன்னா?" என்று கேட்டாள். மருந்து கொடுத்துப் பூஞ்சையை அடக்கிவிட்டுப் போகலாம், ஆனால் அதற்குள் இன்னும் நிறைய ரத்தம் ஏற்ற வேண்டிவரும், அண்ணன் மஜ்ஜை பிடிக்காமல் போகலாம் என்றேன். ஒரு டீச்சர் தப்பு விடையைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "எது பண்ணாலும் ஆபத்துன்னு சொல்றீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

கூலரை எடுக்கச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தமிழ்க் குடும்பம் என்றால் 'மதராஸி டாக்டரைக் கூப்பிடு' என்பார்கள், மல்காஜ்கிரியில் பிறந்தவன் என்று எத்தனை தடவை சொன்னாலும். காரணத்தை எந்த அளவுக்குச் சொல்வது என்று மேடத்தைக் கேட்டேன். "நமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்க. எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியுமா?" என்றார். தெரியாதுதான். ஈரக்காற்று அவளுக்கு ஆகாது என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். தட்டியை இறக்கியவர் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கறுத்துப் போயிருந்தது. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்து பம்பாயிலிருந்து வர வேண்டும். ஒர்க்‌ஷாப் யூனியன்காரர்கள் ஆளனுப்பி வாங்கிவந்தார்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றி, உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும் என்பதால் குளுக்கோஸில் கலந்து, மெதுவாக ஏற்ற வேண்டும். ஏற்ற ஆரம்பித்ததும் உடம்பு தூக்கிப்போடும். கட்டில் சுவரில் இடிக்கும். "கூட்ஸ் வண்டி போறப்ப எங்க வீடு இப்டித்தான் சார் ஆடும்" என்று பல் கிட்டிக்க, கௌரி சொன்னாள். சிறுநீரகம் கெடுகிறதா என்று ராவ் தினமும் பார்த்தார். கெட்டது, நிறுத்தினார், தேறியது, மறுபடி ஆரம்பித்தார். அந்தக் கோடை முழுக்க அப்படியே போயிற்று. எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. என் தொழிலில் அது தேவையில்லாத விஷயம்.

மழைக்காலத்தில் எக்ஸ்ரே தெளிந்தது. சளியில் ஒன்றும் இல்லை. தெற்கே இருந்தவர்கள் மறுபடி படுக்கை ஒதுக்கினார்கள். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை, ராவ் போனார். சேகரின் மஜ்ஜையை எடுத்து ஏற்றினார்கள். பிடிக்காது என்று எல்லாரும் பயந்தது பிடித்தது. வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன என்று அங்கிருந்து போன் வந்தபோது, ராவ் எங்கள் கூடத்துக்கு வந்து, மேடம் முன்னால் நின்று, குழந்தைபோல் அழுதார்.

ஆனால் அடங்கியது அழியவில்லை. நுரையீரலில் எங்கோ ஒரு பொட்டு இருந்திருக்கிறது. புது அணுக்கள் ஏறும்வரை எதிர்ப்பே இல்லாத அந்த இடைவெளியில் அது கிளம்பிவிட்டது. கௌரி அங்கேயே இறந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஏகாம்பரம் கூடத்துக்கு வந்தார். வாசல் பெஞ்சில் சேகரை உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பையன் துண்ண மாட்டேங்கறான் சார்" என்றார். "ரத்தம் ரொம்ப ஏத்தினா புடிக்காதுன்னு எல்லாரும் பேசிக்கினாங்க இல்ல, அதையே புடிச்சிக்கினான். எம் மஜ்ஜைதான் அவளக் கொன்னுடுச்சின்றான். அங்க டாக்டருங்க சொன்னது மண்டையில ஏறல. நீங்க சொல்லுங்க சார். கூலருதான்னு சொல்லிடுங்க."

"கூலர்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றேன். "பக்கத்துல கட்டடம் இடிச்சாங்க. காத்துல எங்கயும் இருக்கறதுதான் அது."

"தட்டிய எறக்கசொல்ல அந்தக் கறுப்பப் பாத்தேன் சார்" என்றார் ஏகாம்பரம். "நீங்க ஏன் சொல்லலேன்னும் தெரியும்."

சேகரை உள்ளே அழைத்தேன். அவன் முகத்தில் எலும்புதான் மிச்சமிருந்தது. அப்பா தமிழில்தான் பேசுவார், அவனுக்குப் புரியும், ஆனால் அவன் வாயில் வருவது ஊர் உருதுதான். "மேரா மால் கராப் தா க்யா, சாப்?" என்று கேட்டான். என் சரக்குக் கெட்டதா என்று. தன் மஜ்ஜையை அப்படிச் சொன்னான்.

இல்லை, உன் மஜ்ஜை பிடித்துக்கொண்டது, அவள் உடம்பில் வேலை செய்யவும் ஆரம்பித்தது, அணுக்கள் ஏறியது உன்னால்தான் என்று சொன்னேன். அவள் இறந்தது நுரையீரலில் இருந்த பூஞ்சையால் என்று, ராவ் வரைந்த படத்தை எடுத்துக் காட்டி விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டான். நம்பினானா என்று தெரியவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார்களா என்று பார்க்கிறவன் பார்வை அது.

"தோ யே கஹான் ஸே ஆயா?" என்றான். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"கூலர் ஸே, பேட்டா" என்றார் ஏகாம்பரம், கதவருகிலிருந்து. மகனிடம் அவர் தமிழ் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. "மைச் பனாயா நா."

கூலரிலிருந்துதான், மகனே. நான்தானே செய்தேன்.

சேகர் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, தெற்கேயிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அழாததை எல்லாம் அழுதான். உள்ளறையில் மேடம் வேலையை நிறுத்திவிட்டார். சில்லுகள் உரசும் சத்தம் கேட்கவில்லை.

மதியம் கேன்டீனுக்குப் போனபோது இருவரும் அங்கே இருந்தார்கள். சேகர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் தன் தட்டிலிருந்த சப்பாத்தியையும் எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டு, எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்.